கொட்டேஷன் கொடுத்த நான்தான் 'ஆஃபரர்' ஆ?

வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். பேரணாம்பட்டில் எட்டுப் பெண்களை வைத்துத் தோல் மணிபர்ஸ் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் நடத்துகிறேன். பெங்களூர் கம்பெனி ஒன்று 600 பர்ஸுக்கு விலை கேட்டது. ஒன்று 310 ரூபாய், பாதிப் பணம் முன்பணம், சரக்கு 30 நாளில், இந்த விலை 15 நாளுக்குச் செல்லும் என்று கொட்டேஷன் போட்டு வாட்ஸாப்பில் அனுப்பினேன். மூன்றாம் நாள், 'கன்ஃபர்ம். சரக்கு வந்து 60 நாளில் பணம். வேலையை ஆரம்பியுங்கள்' என்று பதில் வந்தது. நான் ஒரு கும்பிடு படம் போட்டேன். மறுநாள் காலையில் 'முன்பணம் எப்போது போடுவீர்கள்?' என்று கேட்டேன். பதிலே இல்லை. அதற்குள் தோல் விலை ஏறிவிட்டது. ஒன்பதாம் நாள், 'இனி 345 ரூபாய்க்குத்தான் முடியும்' என்று எழுதினேன். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் 'ஆஃபரர்' என்பதால் 15 நாளும் கட்டுப்பட்டவளாம். அவர்கள் முன்பணம் தரவும் தயாராம். பழைய விலைக்கே சரக்குக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நஷ்டஈடு என்கிறார்கள். அவர்கள் முன்பே அனுப்பிய வெண்டர் அக்ரிமென்ட் ஒன்றும் கையெழுத்துப் போடாமல் கிடக்கிறது. அதிலும் பக்கத்துக்குப் பக்கம் ஆஃபரர்தான். அந்த வார்த்தைக்கு என்னம்மா அர்த்தம்? நான் மாட்டிக்கொண்டேனா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பேரணாம்பட்டு

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பயத்தை விடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் நீங்கள் மாட்டிக்கொள்ளவில்லை. நீங்கள் ஆஃபரராக இருந்தது முதல் மூன்று நாள்தான். மூன்றாம் நாள் அவர்கள் அனுப்பிய பதிலோடு அந்தப் பெயர் அவர்கள் பக்கம் போய்விட்டது. அதை நோட்டீஸில் கண்டுகொள்ளவே இல்லை.

ஆஃபரர் என்றால் முன்மொழிபவர். அதைக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டியவர் ஆஃபரீ. ஆங்கிலப் பத்திரங்களில் இப்படி ஜோடி ஜோடியாக நிறைய வரும். வீட்டை வாடகைக்கு விடுபவர் லெஸ்ஸர், குடி வருபவர் லெஸ்ஸீ. சொத்தை அடமானம் வைப்பவர் மார்ட்கேஜர், வாங்கிக்கொள்பவர் மார்ட்கேஜீ. 'அர்' என்று முடிந்தால் செய்கிறவர், 'ஈ' என்று முடிந்தால் யாருக்குச் செய்யப்படுகிறதோ அவர். ஆசிரியர், மருத்துவர் என்று நம் தமிழிலும் செய்கிறவருக்கு 'அர்' தானே வருகிறது, அதை வைத்தே ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டு ஒப்பந்தச் சட்டத்தில் இந்த ஆஃபரர் என்ற சொல் கிடையாது. 1872 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்திய ஒப்பந்தச் சட்டம்தான் இன்றைக்கும் உங்கள் 600 பர்ஸுக்கும் பொருந்தும் சட்டம். அதன் 2ஆம் பிரிவு சொல்வதைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: ஒன்றைச் செய்யவோ செய்யாமல் இருக்கவோ தனக்குச் சம்மதம் என்பதை, மற்றவருடைய ஒப்புதலை வாங்கும் எண்ணத்தோடு ஒருவர் தெரிவித்தால், அது முன்மொழிவு. மற்றவர் சரி என்று சொன்னதும் அது வாக்குறுதி ஆகிவிடும். முன்மொழிந்தவர் அந்த நிமிடத்திலிருந்து வாக்குறுதி கொடுத்தவர். ஆங்கிலத்தில் அவரை ப்ராமிசர் என்கிறது சட்டம். கட்டுப்பாடு அங்கேதான் ஆரம்பிக்கிறது. வெறும் முன்மொழிபவராக இருக்கும் வரை உங்களைக் கட்டும் கயிறு ஒன்றுமில்லை.

'விற்பவர்தானே ஆஃபரர்' என்று கேட்டுக்கொண்டு என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் அநேகம். விற்பவர், வாங்குபவர் என்பது வேறு கணக்கு. கடைசியாகச் சொல்லப்பட்ட விலையும் நிபந்தனையும் யாருடையது, யாருடைய பேச்சு இன்னொருவரின் 'சரி'க்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள். அந்த ஆள்தான் ஆஃபரர். பேரம் நடக்க நடக்க அந்தப் பெயர் கைமாறிக்கொண்டே இருக்கும்.

சின்ன வயதில் தாத்தாவோடு செவ்வாய்க்கிழமைகளில் பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறேன். பேரத்தை வாயால் பேச மாட்டார்கள். ஒருவர் கையை இன்னொருவர் பிடித்துக்கொள்ள, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை. தாத்தா விரலை அழுத்துவார், எதிரில் இருப்பவர் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டிவிட்டு அவர் ஒரு விரல் கூட்டி அழுத்துவார். பக்கத்தில் நிற்கும் எனக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தாத்தா மடியிலிருந்து அச்சாரத்தை எடுத்தால் வியாபாரம் படிந்தது என்று அர்த்தம். சட்டக் கல்லூரியில் ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவைப் படித்தபோது எனக்கு அந்தத் துண்டுதான் கண்ணில் வந்து நின்றது. ஒவ்வொரு புது அழுத்தமும் ஒரு புது முன்மொழிவு. முந்தின விரலில் சொன்ன விலை அதோடு போயிற்று. தாத்தா அழுத்திய விலை வேண்டாம் என்று தன் விலையை அழுத்திய மனிதர், பிறகு மனம் மாறி, 'முதலில் நீ சொன்ன விலைக்கே தருகிறேன், நீ வாங்கித்தான் ஆக வேண்டும்' என்று தாத்தாவைப் பிடித்து நிறுத்த முடியாது.

7ஆம் பிரிவு சொல்வதும் அதுதான். ஏற்பு என்றால் முழுசாக, மாற்றமோ நிபந்தனையோ இல்லாமல் இருக்க வேண்டும். உங்கள் கொட்டேஷனில் பாதிப் பணம் முன்னால். அவர்கள் பதிலில் முன்பணமே இல்லை, மொத்தப் பணமும் சரக்கு வந்து 60 நாள் கழித்து. மேலே 'கன்ஃபர்ம்' என்று எழுதிவிட்டதால் மட்டும் அது ஏற்பு ஆகிவிடாது. 600 பர்ஸுக்கு 1,86,000 ரூபாய். அதில் 93,000 ரூபாயைக் கையில் வாங்கிக்கொண்டு தோல் எடுப்பதும், சொந்தக் காசைப் போட்டுத் தோல் எடுத்து, எட்டுப் பேருக்குக் கூலியும் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருப்பதும் ஒன்றா? இவ்வளவு பெரிய மாற்றத்தோடு வந்த பதில் உங்கள் முன்மொழிவை மறுத்துவிட்டு அவர்கள் வைத்த எதிர் முன்மொழிவு. அந்த நிமிடம் அவர்கள் ஆஃபரர், நீங்கள் ஆஃபரீ.

'இப்போது முன்பணம் தரத் தயார்' என்று நோட்டீஸில் எழுதியிருக்கிறார்கள் அல்லவா, அந்த வாதத்துக்கும் பழைய பதில் ஒன்று இருக்கிறது. 1840இல் இங்கிலாந்தில் ஹைட் எதிர் ரெஞ்ச் என்ற வழக்கு. பண்ணை நிலத்தை 1,000 பவுனுக்குத் தருவதாக ஒருவர் சொன்னார். வாங்க வந்தவர் 950 என்றார். நிலத்துக்காரர் முடியாது என்றதும், 'சரி, அந்த 1,000க்கே வாங்கிக்கொள்கிறேன்' என்றார். 950 என்று சொன்னபோதே 1,000க்கான முன்மொழிவு இறந்துவிட்டது, அதைத் தன் இஷ்டத்துக்கு உயிர்ப்பிக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் நாட்டு நீதிமன்றங்களும் இதே வழியில்தான் போகின்றன.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான்காம் நாள் நீங்கள் முன்பணம் கேட்டீர்களே, அதை வைத்து 'பழைய கொட்டேஷனை நீங்களே புதுப்பித்துவிட்டீர்கள்' என்று அவர்கள் வக்கீல் வாதிடலாம். வாதிடட்டும். அப்படியே வைத்துக்கொண்டாலும் ஒன்பதாம் நாள் வரை அவர்கள் முன்பணம் போடவும் இல்லை, சம்மதம் என்று ஒரு வரி எழுதவும் இல்லை. 345 ரூபாய் என்று நீங்கள் எழுதியது அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தபோது பழைய விலை திரும்பப் பெறப்பட்டுவிட்டது. அவர்களுடைய 'தயார்' அதற்குப் பிறகு வந்தது.

அப்புறம் அந்த 15 நாள். 'இந்த விலை 15 நாளுக்குச் செல்லும்' என்று எழுதியதால் 15 நாளும் உங்கள் கை கட்டப்பட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், சில அனுபவசாலி வியாபாரிகள் உட்பட. 5ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. ஏற்பு உங்களை நோக்கிப் புறப்பட்டு, அனுப்பியவர் கையைவிட்டுப் போகும் வரை, முன்மொழிவை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். 15 நாள் என்பது கடைசிக் கெடு. அது தாண்டினால் முன்மொழிவு தானாகவே காலாவதி. கெடுவுக்கு நடுவில் வாபஸ் வாங்கக் கூடாது என்று கட்டிப்போட வேண்டுமானால், அப்படிக் காத்திருப்பதற்கென்று அவர்கள் உங்களுக்கு ஏதாவது கைம்மாறு கொடுத்திருக்க வேண்டும். ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் வாபஸ் வாங்குவதை மனசுக்குள் முடிவு செய்தால் போதாது, அவர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். நீங்கள் எழுத்தில் தெரிவித்தது நல்லதாகப் போயிற்று.

இப்போது அந்தக் கும்பிடு படம். உங்கள் கடிதத்தில் எனக்குக் கொஞ்சம் கவலை தந்த இடம் இது ஒன்றுதான். 2023இல் கனடாவில், சாஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு வழக்கு. ஆளி விதை வாங்கும் கம்பெனி ஒப்பந்தத்தைப் படம் எடுத்து அனுப்பி, உறுதிப்படுத்துங்கள் என்று கேட்டது. விவசாயி கட்டைவிரல் உயர்த்திய படத்தைப் பதிலாகப் போட்டார். பிறகு சரக்குத் தரவில்லை. அந்தப் படமே சம்மதம்தான் என்று சொல்லி, 82,000 கனடா டாலருக்கு மேல் கட்டச் சொன்னது நீதிமன்றம். அந்த இருவருக்கும் நடுவே அதற்கு முன்பும் இப்படி ஒரு சொல், ஒரு படம் என்ற அளவிலேயே ஒப்பந்தங்கள் முடிந்திருந்தன என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வேலூரிலோ பெங்களூரிலோ ஒரு நீதிபதி அதே கேள்வியைத்தான் கேட்பார்: இந்தப் படத்தைப் பார்க்கிற ஒரு சாதாரண மனிதர் இதை எப்படிப் புரிந்துகொள்வார்?

நம் ஊரில் கும்பிடு என்பது வணக்கம், நன்றி. 'உங்கள் நிபந்தனைக்குச் சம்மதம்' என்று அதற்கு அர்த்தம் கிடையாது. அதைவிட முக்கியம், அடுத்த நாள் காலையிலேயே நீங்கள் முன்பணம் கேட்டுவிட்டீர்கள். 60 நாள் கடனுக்குச் சம்மதித்தவர் முன்பணம் கேட்பாரா? அந்த ஒரு வரிதான் உங்களைக் காப்பாற்றும் வரி. அவர்களுடைய பதிலுக்குப் பிறகு நீங்கள் ஒரு பர்ஸைத் தைத்து அனுப்பியிருந்தாலும் கதை மாறியிருக்கும். முன்மொழிவில் கேட்டதைச் செய்துகாட்டுவதே ஏற்புதான் என்கிறது 8ஆம் பிரிவு. 'வேலையை ஆரம்பியுங்கள்' என்றதும் ஆர்வத்தில் ஆரம்பித்துவிட்டுப் பிறகு என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களை ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் வேலை நடக்கும் எல்லா ஊரிலிருந்தும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இவ்வளவு தைரியம் சொல்ல முடிந்ததில்லை.

விலை சொன்னதெல்லாம் முன்மொழிவு ஆகிவிடுமா என்றும் உங்களுக்குத் தோன்றலாம். ஆகாது. மெக்பர்சன் எதிர் அப்பண்ணா என்று 1951இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு. குடகில் ஒரு பங்களாவை வாங்க நினைத்தவர் தன் விலையைச் சொல்லி, சம்மதமா என்று கேட்டு எழுதினார். '10,000 ரூபாய்க்குக் குறைந்து ஒப்புக்கொள்ள மாட்டேன்' என்று உரிமையாளர் தந்தி கொடுத்தார். அதையே முன்மொழிவாக எடுத்துக்கொண்டு, '10,000 தருகிறேன், ஒப்பந்தம் முடிந்தது' என்றார் கேட்டவர். முடியவில்லை என்றது நீதிமன்றம். அந்தத் தந்தி, விலை சொல்லுங்கள் பேசலாம் என்ற அழைப்பு மட்டும்தான். உங்கள் கொட்டேஷன் அந்த வகை இல்லை. யாருக்கு, எத்தனை, என்ன விலை, பணம் எப்படி, சரக்கு எப்போது என்று எல்லாம் அதில் இருக்கிறது. மூன்றாம் நாள் அவர்கள் 'சரி' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தியிருந்தால் நீங்கள் இன்றைக்கு 310 ரூபாய்க்குக் கட்டுப்பட்டவர்தான். அதனால் சும்மா விலை மட்டும் சொல்கிற இடத்தில், 'இது விவரத்துக்காக மட்டும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஆஃபரராக இருப்பது ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள், அதில் பலமும் உண்டு. எப்படி ஏற்க வேண்டும், எந்தத் தேதிக்குள் ஏற்க வேண்டும் என்று சொல்லும் உரிமை ஆஃபரருடையது. வழக்கு என்று வந்தாலும் ஒரு சௌகரியம் இருக்கிறது. 1965இல் பகவான்தாஸ் கேடியா வழக்கில், தொலைபேசியில் முடிந்த ஒப்பந்தம் ஏற்புச் சொல் காதில் விழுந்த ஊரில்தான் உருவாகிறது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏற்பைக் கேட்பவர் ஆஃபரர், ஆகவே அவருடைய ஊர். நீங்கள் போனில் விலை சொல்லி, பெங்களூரிலிருந்து சம்மதம் என்று பேசினால், வேறு விதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒழிய, நம் பக்கத்து நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். பெங்களூருக்கு வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏற வேண்டியதில்லை.

சரி, அந்த வெண்டர் அக்ரிமென்ட். உங்களோடு நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டிய இடம் இது. இந்த நிலையில் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் ஒன்றிரண்டு பக்கத்தில், எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே 'ஆஃபரர் என்றால் சப்ளையர்' என்று எழுதிவைத்திருந்தால், நான் மேலே சொன்ன கைமாறும் கணக்கெல்லாம் அந்தத் தாளுக்குள் நீங்கள் நினைக்கிறபடி வேலை செய்யாது. அவர்கள் என்ன திருத்தம் கேட்டாலும் நீங்களே ஆஃபரர். அடுத்து, 'ஆஃபரை இத்தனை நாள் வாபஸ் வாங்கக் கூடாது', 'வாபஸ் வாங்கினால் டெபாசிட் பறிமுதல்' என்ற வரிகளைத் தேடுங்கள். டெண்டர்களில் இது சகஜம். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் எதிர் கங்கா என்டர்பிரைசஸ் என்ற வழக்கில், கெடு முடியும் முன்பே டெண்டர் ஆஃபரை வாபஸ் வாங்கியவரின் பிணைத்தொகையைப் பறித்தது சரிதான் என்று 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாபஸ் வாங்கும் உரிமை உண்டு, ஆனால் வாங்க மாட்டேன் என்று சொல்லி வைத்த பணம் போய்விடும்.

அந்த 60 நாளைப் பற்றியும் ஒன்று. சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு எடுத்திருக்கிறீர்களா? எடுத்திருந்தால், குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006இன் 15ஆம் பிரிவுப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் தவணை போட்டு எழுதியே வாங்கினாலும் செல்லாது. தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள், இணையத்தில் கட்டணம் கிடையாது.

இனிமேல் கொட்டேஷன் போடும்போது கீழே இப்படி எழுதுங்கள்: 'இந்த விலைப்புள்ளி இன்ன தேதி மாலை 5 மணி வரை செல்லும். அதற்கு முன்பும், உங்கள் ஏற்பு எங்களுக்கு வந்து சேரும் வரை, இதைத் திரும்பப் பெறும் உரிமை எங்களுக்கு உண்டு. மாற்றம் எதுவும் இல்லாத ஏற்பு எழுத்தில் வந்து, முன்பணமும் எங்கள் கணக்கில் ஏறிய பிறகே ஒப்பந்தம் முடிந்ததாகக் கொள்ளப்படும்.' தமிழிலேயே போடலாம், செல்லும். பெங்களூர்க்காரர்களுக்குப் புரிய ஆங்கிலத்திலும் கீழே ஒரு தடவை எழுதிவிடுங்கள்.

நோட்டீஸுக்குப் பதில் கொடுக்காமல் இருக்காதீர்கள். 'நமக்கு நியாயம் இருக்கிறதே' என்று சும்மா இருப்பவர்களின் மௌனத்தைத்தான் எதிர்த்தரப்பு பிறகு நீதிமன்றத்தில் பெரிதாக்கிக் காட்டும். பதிலில் நாலு தேதி இருந்தால் போதும்: கொட்டேஷன் போன நாள், 60 நாள் என்ற பதில் வந்த நாள், நீங்கள் முன்பணம் கேட்ட நாள், 345 என்று எழுதிய நாள். அந்த வாட்ஸாப் உரையாடலில் ஒரு வரியையும் அழிக்காதீர்கள், அந்தக் கும்பிடு படம் உட்பட. முழுதாக ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள், போனையும் மாற்றாதீர்கள். வழக்கு என்று வந்தால் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் மின்னணு ஆதாரச் சான்றிதழோடு தாக்கல் செய்ய அது வேண்டும். நோட்டீஸில் பதிலுக்கு எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைப் பாருங்கள், அந்த நாள் தாண்டுவதற்குள் உங்கள் வக்கீல் மூலம் பதிவுத் தபாலில் பதில் போய்விட வேண்டும். அதுவரை பெங்களூரிலிருந்து யார் போன் செய்து 'பேசி முடித்துக்கொள்ளலாம்' என்றாலும், எழுத்தில் அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். படம் எதுவும் போடாதீர்கள்.